கைப்பேசியில் ஓதிய பாடம்

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, எமது அறபுக் கல்லூரி மாணவர்கள் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். மனனமிட்ட குர்ஆனை மீட்டாவிட்டால் நழுவிவிடும். ஆகவே தினமும் அவர்கள் கைப்பேசியில் ஓத, நாம் கேட்டோம். சூம் வகுப்பெல்லாம் வசதியுள்ள வீட்டுச் சங்கதி.

ஒரு மாணவனின் அழைப்பு நின்றது. நானே எடுத்தேன். "வாப்பாக்கு கூலி வேல இல்ல ஹஸ்ரத். ரீலோட் போட வழியில்ல" என்றார் உம்மா. அரசு தந்த 5,000 ரூபா எத்தனை நாளைக்கு? மகனை வேலைக்கு விடப்போவதாக வாப்பா சொன்னாராம்.

அன்றிலிருந்து அடுப்பு எரிகிறதா என்று விசாரித்த பிறகே பாடம். அழைப்பும் எமது செலவு. ஊர்ப் பள்ளிவாசல் மூலம் அரிசி, பருப்பு போனது. மூன்றாவது ஜுஸ்உவை அவன் மீட்டி முடித்த இரவு, வாப்பா கைப்பேசியை வாங்கினார்.

"ஹஸ்ரத், மத்ரஸா எப்ப திறப்பீங்க?"