சல்லிசா ஒரு சாமுராய் வாள்!

சாமுராய் படம் பார்த்த சூட்டோடு வாள் தேடக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். தேடினால் கிடைக்கவும் செய்கிறது. கறுப்பு உறை, அதில் தங்க நிற டிராகன், மேசையில் வைக்க ஒரு ஸ்டாண்ட், எல்லாம் சேர்த்து ஒரு சுமாரான செல்போனை விடக் குறைந்த விலையில்! கையில் எடுத்தால் பளபளவென்று இருக்கும். ஒரு தடவை வீசிப் பார்க்கலாமே என்று தோன்றும்.

தயவுசெய்து வீசாதீர்கள் மக்களே. அது சுவரில் மாட்டச் செய்த பொருள். அதன் அலகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சமையல் கத்திக்கு அது சரி, ஆனால் இரண்டடிக்கு மேல் நீளமான வாளாக்கி எதையாவது அடித்தால் சட்டென்று உடையும். அதைவிட மோசம் பிடிக்குள்ளே இருக்கும் சமாச்சாரம். அலகு பிடியின் வாசலோடு முடிந்துவிடும். அங்கிருந்து ஒரு மெல்லிய திருகுக் கம்பியை வெல்டிங் வைத்து, கடைசியில் நட்டு போட்டு முறுக்கியிருப்பார்கள். வெல்டிங் விட்டுப்போனால் வெறும் பிடிதான் கையில் மிஞ்சும், அலகு பறந்துவிடும். எதிரே யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது.

(இப்படி மலிவு வாள்களால் நடந்த தாக்குதல்களைப் பார்த்துத்தான் 2008-ல் இங்கிலாந்து, வேல்ஸில் 50 செ.மீ.க்கு மேல் நீளமான வளைந்த வாள்களின் விற்பனைக்குத் தடை வந்தது. மரபு முறையில் கையால் செய்த வாள்களுக்கு விலக்கு உண்டு.)

உண்மையான ஜப்பானிய வாளின் அமைப்பே வேறு. அலகும் அதன் வாலும் ஒரே இரும்பு. அந்த வால் பிடிக்குள் நீளமாக இறங்கும், பெயர் நகாகோ. அதைப் பிடியோடு சேர்த்து நிறுத்துவது மெகுகி என்ற சின்ன மூங்கில் ஆணி. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அவ்வளவு பெரிய வாளுக்கும் பூட்டு அந்த மூங்கில் துண்டுதான். மூங்கில் நார் நாராக இருப்பதால் ஒரேயடியாக முறியாது, தளர்ந்து எச்சரிக்கை கொடுக்கும். பயிற்சிக்கு முன் ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுப் பார்ப்பது பழைய வழக்கம்.

அப்படியானால் நிஜ வாளையே வாங்கிவிடலாமே? காமர்ஸ் மாணவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். ஜப்பானில் 1958-ல் வந்த துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒவ்வொரு நிஜ வாளும் பதிவு செய்யப்பட வேண்டும். உரிமம் பெற்ற கொல்லர்தான் செய்யலாம். உரிமம் வேண்டுமென்றால் குறைந்தது 5 வருடம் குருவிடம் வேலை கற்க வேண்டும். அதற்கப்புறமும் ஒரு கொல்லர் மாதத்துக்கு 2 நீள வாள்தான் செய்யலாம். தேவை எவ்வளவு ஏறினாலும் அளிப்பு ஏறாது! விலை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. புது வாள் ஒன்று எளிதில் 10 லட்சம் யென்னைத் தாண்டும்.

வாளை உருவி, வீசி, உறையில் போடும் கலைக்கு இயாய்தோ என்று பெயர். அதைப் பழகும் ஜப்பானியர்கள் எல்லாரும் லட்சாதிபதிகளா என்ன? தொடக்கத்தில் அவர்கள் வாங்குவது இயாய்தோ பயிற்சிக்கென்றே செய்த, கூர் இல்லாத கலப்பு உலோக வாள். துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தை அச்சில் ஊற்றி எடுப்பார்கள். இரும்பு இல்லாததால் பதிவுத் தொல்லை இல்லை, சாணை பிடித்தாலும் நிஜ வாள் போல் கூர் நிற்காது. புதிதாகப் பழகுகிறவர் வாளை உறையில் போடும்போது இடது கை விரல்கள் உறையின் வாயருகே இருக்கும், கூர் இல்லாததன் அருமை அப்போது தெரியும். எடையும் சமநிலையும் நிஜ வாளை ஒட்டி இருக்கும். ஆனால் இதைக் கொண்டு எதையும் அடிக்கக் கூடாது. மோதலைத் தாங்கும் உலோகம் அல்ல அது.

ஜப்பானுக்கு வெளியே பாயைச் சுருட்டி வெட்டிப் பழகுகிறவர்களுக்குச் சீனாவின் லோங்சுவான் பக்கத்திலிருந்து கார்பன் ஸ்டீல் வாள்கள் வருகின்றன. விளம்பரத்தில் 1060 என்று இருந்தால் சுமார் 0.60 சதவீதம் கார்பன் என்று அர்த்தம், தரச் சான்றிதழ் என்று அர்த்தமில்லை. இதே வாளை ஜப்பானுக்குள் கொண்டுபோனால் பதிவு கிடைக்காது. உங்கள் ஊர் ஆயுதச் சட்டத்தையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

சரி, நிஜமாகவே சல்லிசு, நிஜமாகவே உபயோகம், இரண்டும் சேர்ந்த பொருள் எது? மரவாள்! ஜப்பானியப் பெயர் பொக்கென் அல்லது பொக்குடோ, நீளம் சுமார் 102 செ.மீ. இது ஏதோ ஏழைக்குக் கொடுக்கும் மாற்று அல்ல. 1612-ல் மியாமோட்டோ முசாஷி, சசாகி கொஜிரோவைப் படகுத் துடுப்பில் செதுக்கிய மரவாளால்தான் வீழ்த்தினார் என்று கதை சொல்வார்கள். கதையில் கலப்படம் இருக்கலாம், ஆனால் மரவாளால் மண்டை உடையும் என்பதில் கலப்படம் இல்லை.

ஜப்பானில் செய்யும் மரவாள்களில் பெரும்பகுதி கியூஷூ தீவில், மியாசாகி மாகாணத்தின் மியாகோனோஜோ என்ற ஊரிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் நிறையப் பட்டறைகள் இருந்த ஊர், இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நல்ல ஓக் மரம் கிடைப்பது குறைந்துவிட்டது, கிடைத்த மரமும் நன்றாகக் காயக் காத்திருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மரவாள் சில ஆயிரம் யென்னுக்குக் கிடைப்பது ஆச்சரியம்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மரத்தின் ரேகை. நுனியிலிருந்து பிடி வரை நீளவாக்கில் ஓடினால் நல்ல மரம். பாதி வழியில் ரேகை பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒரு நாள் பிளக்கும். கெட்டியாக வார்னிஷ் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள், ரேகையும் முடிச்சும் அதற்கடியில் ஒளிந்திருக்கும். தனியாக வீசிப் பழக சிவப்பு ஓக் போதும். இருவர் மோதிப் பழகினால் வெள்ளை ஓக் கூடுதலாகத் தாங்கும்.

கெண்டோவுக்கு ஷினாய், அதாவது நாலு மூங்கில் பட்டைகளைத் தோலால் இணைத்தது. பெரியவர்களுக்கு 120 செ.மீ. வரை, ஆண்களுக்குக் குறைந்தது 510 கிராம். மலிவு ஷினாயும் வேலை செய்யும், ஆனால் பராமரிப்பு முக்கியம். சிலாம்பு எழுந்த பட்டை ஒன்று எதிராளியின் முகக்கவசக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்தால் கண் போய்விடும். அதனால் அவ்வப்போது பிரித்து, சிலாம்பைத் தேய்த்து, எண்ணெய் தடவ வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல் என்றால் ஹசேகவா நிறுவனத்தின் கார்பன் ஷினாய் இருக்கிறது. விலை பல மடங்கு, ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். தேய்மானம் போட்டுப் பார்த்தால் வாரம் நாலு நாள் பழகுகிறவருக்குக் கார்பன்தான் லாபம், வாரம் ஒரு நாள்காரருக்கு மூங்கில். கார்பனிலும் மேல்பூச்சு விரிந்து கறுப்பு நார் தெரிந்தால் அன்றே தூக்கிப் போட வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே ஆர்டர் போட வேண்டாம். முதலில் ஒரு ஆசிரியரிடம் சேருங்கள். ஒவ்வொரு மரபுக்கும் ஆயுதம் வேறு. காஷிமா ஷின் மரபில் மரவாள் தடியாக, அநேகமாக நேராக இருக்கும். ஷிந்தோ முசோ மரபின் கம்பு 128 செ.மீ. நீளம், கனம் 2.4 செ.மீ., அவ்வளவுதான் ஆயுதம். ககோஷிமாவின் ஜிகென் மரபிலோ செதுக்கிய வாள்கூட இல்லை. யூசு என்ற கெட்டி மரத்தின் கொம்பை வெட்டி, காயவைத்து, நட்டு வைத்த மரத்தூணை அடித்துக்கொண்டே இருப்பார்கள், ஓடிப் போய் கத்திக்கொண்டே!