நாங்கள் தூக்கிய கை

1973-இல் ஒரு பத்திரிகையைப் படிப்பகத்தை விட்டு வெளியேற்றியவர்களில் நானும் ஒருவன். தெருமுனைத் தையற்கடை அண்ணன்தான் தன் காசில் அதை வாங்கிப் போட்டுவந்தார். அதில் வந்த எழுத்தைப் படித்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கும். கூட்டம் போட்டோம், கை தூக்கினோம், நிறுத்தினோம்.

உச்ச நீதிமன்றம் 1950 மே 26 அன்று சொன்ன இரண்டு தீர்ப்புகளை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அரசியல் சட்டத்துக்கு அப்போது நான்கே மாத வயது. ஒரு வழக்கு, ரொமேஷ் தாப்பர் பம்பாயில் நடத்திய இடதுசாரி வார இதழ் 'கிராஸ் ரோட்ஸ்' பற்றியது. அந்தப் பிப்ரவரியில்தான் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள்; மார்ச் முதல் தேதி, சென்னை அரசு அந்த இதழ் தன் எல்லைக்குள் நுழையவே கூடாதென்று தடுத்தது. மற்றது டில்லியின் 'ஆர்கனைசர்', ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழ். வகுப்புவாத விஷயங்களையும் பாகிஸ்தான் செய்திகளையும் அச்சேற்றுமுன் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று அதற்கு உத்தரவு.

இரண்டு உத்தரவும் ஒரே நாளில் விழுந்தன. தீர்ப்புகளை எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். அரசின் பாதுகாப்புக்கே கேடு வந்தால் தடுக்கலாம், பொது ஒழுங்கு என்று பொதுவாகச் சொல்லி வாயை அடைக்க முடியாது என்றார். நீதிபதி ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார். ஒன்றையொன்று அறவே வெறுத்த இரு தரப்புக்கும் ஒரே கதவு திறந்ததைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தீர்ப்புக்கு மறு ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 'பொது ஒழுங்கு' சட்டத்துக்குள் ஏறியது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் கூடவே ஏறியது. அந்த ஒரு சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன். வெட்டு, கொளுத்து என்று ஆளை ஏவுகிறவனைச் சட்டம் பிடிக்கட்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. எங்கள் அண்ணன் யாரையும் ஏவவில்லை. படித்தார், வாதாடினார், அவ்வளவுதான்.

பத்திரிகையை நாங்கள் நிறுத்திய பிறகு அவர் படிப்பகத்துக்கு வரவில்லை. முன்பெல்லாம் சாயங்காலமானால் இருவரும் மல்லுக்கு நிற்போம். அவர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும், என்னுடையது அவருக்கும். அந்தத் தீபாவளிக்குச் சட்டை தைக்கப் போனேன். டேப்பைத் தோளில் வைத்து அளந்து நோட்டில் குறித்தார்.

"எப்பண்ணே வரட்டும்?"

"புதன்கிழமை" என்றார். அடுத்த துணியை எடுத்து மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.