மயிலாப்பூருக்கு ஒரு ஹேண்டில்பார், ஈ.சி.ஆருக்கு ஒன்று!

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் பிரிகிறது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சென்னைக்காரர்களுக்கு ‘ஜி.பி. ரோடு’. ஹாரன், சீட் கவர், ஹெட்லைட், கண்ணாடி என வண்டிக்கு வேண்டிய அத்தனையும் கிடைக்கும் தெரு. பைக்கை அழகுபடுத்த வருகிறவர்களின் கண் சீக்கிரமே ஹேண்டில்பாரில் போய் நிற்கும். கண்ணுக்குப் பிடித்தது கைக்கும் பிடிக்குமா என்பது, அந்த வண்டி தினமும் போகிற சாலையைப் பொறுத்தது.

ஒரே இன்ஜின், இரண்டு வண்டி

ஹேண்டில்பார் மாறினால் எவ்வளவு மாறும்? அதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து, இங்கே புல்லட் தயாரிப்பைத் தொடங்கின. அதே ராயல் என்ஃபீல்டு 2018-ல் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜி.டி. என இரண்டு பைக்குகளை இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரே 648 சி.சி. இன்ஜின்தான். ஆனால், இன்டர்செப்டரில் அகலமான, உயர்ந்த ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்காரலாம். ஜி.டி.யில் இடம் வலமாக இரண்டு துண்டாகப் பொருத்தப்பட்ட ‘கிளிப்-ஆன்’. ஃபுட்ரெஸ்ட்டும் பின்னால் தள்ளி இருக்கும். முன்னால் குனிந்துதான் ஓட்ட வேண்டும்.

மாட வீதியில் மணிக்கட்டு

குனிந்து ஓட்டுவது வேகத்துக்கான அமைப்பு. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்ளும். மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கடை, காய்கறிக் கடைகளுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்தால் காற்று எங்கே வரும்? உடம்பின் பாரம் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் இறங்கும். கூடவே கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். சந்துக்குள் வண்டியைத் திருப்பவும் தாழ்ந்த ஹேண்டில்பார் தோதுப்படாது. இங்கே ஓட்டுகிறவர்களுக்கு நிமிர்ந்த அமைப்பே நல்லது.

தி.நகரில் அகலம்

உஸ்மான் சாலையில் பிரச்னை வேறு. அகலமான ஹேண்டில்பார் இருந்தால் வண்டியைத் திருப்புவது சுலபம். ஆனால் இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே நுழைய முடியாது. அதற்காக நுனிகளை அறுத்துக் குட்டையாக்குகிறவர்கள், கிரிப், சுவிட்ச், லீவர் எல்லாவற்றுக்கும் இடம் மிஞ்சுமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். நுனியில் இருக்கும் வெயிட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால், அதிர்வு கூடிக் கை மரத்துப்போகலாம்.

அடையாறு தாண்டினால்...

திரு.வி.க. பாலம் கடந்து, திருவான்மியூர் வழியாக ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போகிறவர்களுக்குக் காற்றுதான் கணக்கு. தோளுக்கு மேல் கை தூக்கிப் பிடிக்கும் உயரமான ஹேண்டில்பார் படத்தில் கம்பீரம். கடற்கரைச் சாலையில் மார்பு பாய்மரமாகிவிடும். கையும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். நடுத்தர உயரம், லேசாகப் பின்னோக்கிய வளைவு இருந்தால் நகரத்துக்கும் ஆகும், நெடுந்தூரத்துக்கும் ஆகும்.

வாங்கும் முன்...

சீட்டில் உட்கார்ந்து பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டு நேராக, தோள்பட்டை தளர்வாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டில்பாரைச் சற்றே முன்னோ பின்னோ சுழற்றி, லீவரின் சாய்வையும் மாற்றச் சொல்லலாம். பல நேரம் மெக்கானிக் கூலியோடு வலி தீர்ந்துவிடும். தேவைப்பட்டால், ‘ரைசர்’ வைத்து உயர்த்திக்கொள்ளலாம்.

மாற்றியே தீர வேண்டுமென்றால் கிளாம்ப் அளவு முக்கியம். பெரும்பாலான பைக்குகளுக்கு 22 மி.மீ. விட்டம், சில தடித்த வகைகளுக்கு நடுவில் 28.6 மி.மீ. உயரம் கூடினால் கேபிளும் பிரேக் ஹோஸும் எட்டாமல் போகலாம். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, இடது வலது கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். இன்ஜின் தானாக உறுமினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அதோடு சாலையில் இறங்குவது ஆபத்து. புதுப்பேட்டையில் பழைய ஹேண்டில்பார் மலிவாகக் கிடைத்தாலும், வளைந்ததும் வெல்டிங் வைத்ததும் வேண்டவே வேண்டாம்.

ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே, நிறுவனமே தன் மாடலுக்கென விற்கும் ஹேண்டில்பார் பாதுகாப்பான தேர்வு. கண்ணாடிகளைக் கழற்றவே கூடாது.

இன்னொன்று: கழற்றிய பழைய ஹேண்டில்பாரைக் கடையிலேயே விட்டுவிடாமல், வீட்டுக்கு எடுத்துவந்து வைக்க வேண்டும். ஒரு மாதம் ஓட்டியும் தோள்பட்டை வலித்தால், திரும்ப மாட்டிக்கொள்ளலாமே!