ஒரே நாளில் ஒன்பது கோயிலா?

கும்பகோணத்தில் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலையில் வண்டி ஏறி, இரவுக்குள் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் முடித்துவிட்டுத் திரும்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. வாடகை வண்டிக்காரர்கள் அதற்கென்றே ஒரு தொகை சொல்கிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகமும் சிறப்புப் பேருந்து விடுகிறது. முடியுமா என்றால், முடியும். ஆனால் பயணத் திட்டத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரியில்லை. எத்தனை கோயிலுக்குப் போகலாம் என்று எண்ணுவதற்கு முன், கோயில் நடை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். சுருங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பக்கத்துக் கோயில்களில் காலை ஆறு மணி சுமாருக்கு நடை திறந்து, உச்சிகால பூஜை முடிந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்திவிடுவார்கள். மறுபடி நாலு மணிக்குத் திறந்தால் எட்டு, எட்டரை வரை. ஆக, ஒரு நாளில் சுவாமியைப் பார்க்கக் கிடைப்பது சுமார் பத்து மணி நேரம். சந்திரனுக்குரிய திங்களூர் மேற்கே திருவையாற்றுக்குப் பக்கம். கேதுவுக்குரிய கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகாருக்குப் பக்கம். சனிக்குரிய திருநள்ளாறோ காரைக்கால் பகுதியில். சுற்றி வந்தால் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. டெல்டாவின் ஒற்றைச் சாலைகளில் ஊர்களையும் வாய்க்கால் பாலங்களையும் கடந்து போக ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் ஓட்டக்கூடிய தூரம் சுக்கிரனுக்குரிய கஞ்சனூரிலிருந்து வைத்தீஸ்வரன்கோயில் வரைதான். அது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீதி ஓட்டமெல்லாம் நடை திறந்திருக்கும் நேரத்தைத்தான் தின்கிறது. எஞ்சுவதை ஒன்பதால் வகுத்தால் கோயிலுக்கு அரை மணி. செருப்பு விடுவது, அர்ச்சனைச் சீட்டு வாங்குவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். சனிக்கிழமை திருநள்ளாற்றில் அந்த அரை மணி வரிசைக்கே காணாது.

நேரம் போகட்டும், வழிபாட்டு முறையும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்குப் பாலபிஷேகம் ராகுகாலத்தில்தான் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை நாலரை முதல் ஆறு வரை. ஒரு நாள் சுற்றில் போகிறவர்கள் அந்நேரம் கடலோரத்தில் இருப்பார்கள். ஆலங்குடி குருவுக்கு வியாழன், திருநள்ளாற்றுக்குச் சனி; இரண்டும் ஒரே நாளில் வாய்க்காது. வைத்தீஸ்வரன்கோயிலில் அங்காரகன் சந்நிதியோடு திரும்புகிறவர் செல்வமுத்துக்குமாரசுவாமியையும் சித்தாமிர்தத் தீர்த்தத்தையும் பார்ப்பதில்லை. திருவெண்காட்டில் புதனுக்கு விளக்கேற்றிவிட்டு ஓடுகிறவருக்கு அகோரமூர்த்தி அங்கே இருப்பதே தெரியாது.

ஒன்பதும் சேர்ந்தால்தானே பரிகாரம் நிறைவாகும் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவருக்குச் சூரியனார்கோயிலே பதில் சொல்லும். முதற் குலோத்துங்கன் காலத்துக் கோயிலாகச் சொல்லப்படும் அங்கே நடுவில் சூரியன். சுற்றிலும் மற்ற எட்டுக் கிரகங்களுக்கும் தனித்தனிச் சந்நிதி. ஒன்பதையும் ஒரே நாளில் வழிபட வேண்டும் என்பவருக்கு அந்த ஒரு பிராகாரம் போதும். மற்ற எட்டுக் கோயில்களும் அடிப்படையில் சிவத்தலங்கள். மதுரையில் சம்பந்தர் அனல்வாதத்துக்காக நெருப்பில் இட்டு, வேகாமல் பச்சையாக எடுத்த பதிகம் திருநள்ளாற்றுப் பதிகம்; அது பாடியது தர்ப்பாரண்யேஸ்வரரை. மதுரைக்குப் புறப்படும்போது கிரகநிலை சரியில்லை என்று அப்பர் தடுக்க, அடியார்க்குக் கோள்கள் தீங்கு செய்யா என்று சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம். எண்ணிக்கை குறைந்தால் கிரகம் கோபிக்கும் என்று அஞ்சுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு மறுப்பு நியாயமானது. லீவு ஒரே நாள்தான். வயதான அம்மாவை மறுபடி எப்போது அழைத்து வர முடியுமோ! அதனால்தான் குறைக்கச் சொல்கிறேன். எழுபது வயதுக்காரர் ஒன்பது முறை வண்டியிலிருந்து இறங்கி ஏறி, வெயிலில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடந்து, கழிப்பறை தேடி அலைந்தால், கடைசி நாலு கோயில்களில் அவருக்கு மனம் சந்நிதியில் இருக்காது. ஓட்டுநரையும் மறக்கக் கூடாது. விடியலுக்கு முன் எழுந்தவர் இரவு ஒன்பது மணிக்குத் திருநள்ளாற்றிலிருந்து தூக்கக் கண்ணோடு ஓட்டி வருவது எல்லோருக்கும் ஆபத்து.

ஒரு நாள்தான் உண்டு என்றால் கும்பகோணத்துப் பக்கம் திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி என்று நாலு போதும். நடை சாத்திய பகலில் சாப்பிட்டுப் பெரியவர்கள் சற்றுப் படுக்கலாம். இரண்டாவது நாள் கிடைத்தால் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றையும் காலையில் பார்த்து, மாலையில் திருநள்ளாறு. திங்களூருக்குத் திருவையாற்றோடு சேர்த்துத் தனியாகப் போவதே நல்லது. அப்பூதியடிகளின் ஊர் அது, அவசரமாகப் பார்க்கிற இடமல்ல. வண்டி பேசுவதற்கு முன் ஒவ்வொரு கோயிலிலும் நடை திறக்கும் நேரத்தையும், அன்று திருவிழாவோ பாலாலயமோ உண்டா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். விட்டுப்போன கோயில்கள் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.