ரேஸ் ஏறி இறங்கும் மெசின்

சிறிய எஞ்சின் ஒன்று சீராக ஓடாதபோது உடனே காபரேட்டரின் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஆனால் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் புல்வெட்டும் மெசின்களையும் மருந்தடிக்கும் மெசின்களையும் மரக்கறித் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புகளையும் பழுதுபார்த்தே காலங்கழித்துவரும் எனக்கு, அந்த ஸ்க்ரூ கடைசியாகத் தொடவேண்டிய வஸ்து என்பதில் லவலேசமும் சந்தேகம் இல்லை.

முதலில் நிச்சயிக்க வேண்டியது, மெசினுக்குப் பசியா, அஜீரணமா என்பதுதான். பெட்ரோல் போதாத மெசின் ரேஸ் தானாக ஏறி ஏறி இறங்கும், அல்லது ரேஸ் கொடுத்த மாத்திரத்தில் அணைந்துபோகும். பெட்ரோல் மிகுந்ததோ கரும்புகை விட்டு, கனத்த குரலில் திணறி, பிளக்கின் முனையில் ஈரக்கரியைப் படியவைக்கும். சந்தேகம் தீராவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சோக்கை மெதுவாகப் பாதி மூடவேண்டும். ஓட்டம் சீர்ப்பட்டால் குறைவு என்பதும், முன்னிலும் மோசமானால் மிகுதி என்பதும் பிரத்தியட்சமாகிவிடும்.

மலையில் இந்தப் பரீட்சை விசேஷமாக அவசியம். ஹட்டன் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,270 மீற்றர். நுவரெலியாவோ 1,868 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்த அளவுக்குக் காபரேட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுப்பதில்லை. ஆதலால் சமதரையில் நன்றாக ஓடிய மெசின் இங்கே கரி கக்குகிறது, பலமும் குன்றுகிறது. அதற்குச் சிறிய ஜெட் போடுவது நியாயமான பரிகாரம். ஆனால் ரேஸ் ஏறி இறங்கும் மெசினைப் பார்த்தும் 'உயரத்தின் கோளாறு' என்று சொல்லிவிடுகிறார்களே, அந்த அபிப்பிராயத்தை மட்டும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. உயரம் மிகுதியை உண்டாக்குமேயன்றிக் குறைவை உண்டாக்காது. இவ்வளவு உயரத்திலும் ஒரு மெசினுக்குப் பெட்ரோல் போதவில்லையென்றால், எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது எங்கோ காற்று புகுகிறது.

தண்ணீர்ப் பம்பில் பெரும்பாலும் அடைப்பு. மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, ஸ்லோ ஜெட்டின் நுண்ணிய துவாரத்தை மூடிவிடும். வேகம் தளர்ந்ததும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் காபரேட்டரின் வழியைத் திறக்க, பெரிய ஜெட் பெட்ரோலைக் கொட்ட, ரேஸ் ஏறுகிறது, ஏறியதும் கவர்னர் வழியை மூட, அடைபட்ட ஜெட் கைவிடுகிறது, மீண்டும் இறக்கம். அந்தத் துவாரத்தை ஊசியால் குத்தக்கூடாது. பித்தளை விரிந்துவிட்டால் பிறகு ஜெட்டையே மாற்றவேண்டியதுதான். மின்வயரின் மெல்லிய செப்பு இழை ஒன்று போதும்.

டூ ஸ்ட்ரோக் புல்வெட்டும் மெசினில் காற்றையே நான் முதலில் சந்தேகிப்பேன். டிக்கோயாப் பக்கத்துத் தம்பி ஒருவர், "அண்ணே, ரேஸ் ஏறி ஏறி இறங்குது, ஸ்க்ரூவக் கொஞ்சம் திருப்பிவிட்டாப் போதும்" என்று அவசரப்பட்டார். பெட்ரோலை ஏற்றும் ரப்பர் குமிழை அழுத்திக்கொண்டே அவரைப் பார்க்கச் சொன்னேன். எவ்வளவு அழுத்தியும் குமிழுக்குள் காற்றுக் கொப்புளங்கள் ஓயவில்லை. டாங்கிக்குள் நுழையும் இடத்தில் ஹோஸை வளைத்தபோது, நேராக இருக்கையில் கண்ணுக்கே தென்படாத கீறல் ஒன்று வாயைத் திறந்தது. சிறு துண்டு ஹோஸ் மாற்றியதும் மெசின் சீராக நின்று ஓடியது.

அன்று ஸ்க்ரூவைத் திறந்துவிட்டிருந்தாலும் மெசின் சில நாள் ஒழுங்காக ஓடியிருக்கும், அதுதான் ஆபத்து. டூ ஸ்ட்ரோக்கில் ஒயிலும் பெட்ரோலோடு கலந்தே போகிறதாகையால், பெட்ரோல் குறைந்தால் ஒயிலும் குறைந்து, சூடு மிகுந்து, கீறல் பெரிதாகும் ஒரு தினத்தில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அற்ப விலைக்கு வாங்கும் ஹோஸ் துண்டுக்காக, அந்த மெசினை நம்பிப் பிழைக்கும் குடும்பம் ஒன்று சிலிண்டரும் பிஸ்டனும் வாங்க நேர்வதைக் காணும்போது மனம் மிகவும் வருந்துகிறது.

ஆகவே தோட்டத்துச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறிது நேரம் ஓடி நின்றுபோகிற மெசினாயின், முதலில் டாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கலாம். பிறகு ஹோஸைப் பாருங்கள். அப்படியும் சரிவராமல் எங்களிடம் கொண்டுவருவதானால், ஸ்க்ரூவைத் தொடாமலும் பிளக்கைத் துடைக்காமலும் கொண்டுவாருங்கள்.