திரும்பி வந்த ஓசை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். நாலு ஜோக், பத்து பொன்மொழி எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு விஷயம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதையே எழுதுகிறேன்.

ஒருநாள் ராத்திரி ஹாஸ்டலில் அறைத் தோழன் செல்போனில் பாலித் தீவின் கமெலான் இசையைப் போட்டான். வெண்கலப் பட்டைகளைச் சிறு சுத்தியலால் தட்டி, பலர் சேர்ந்து வாசிப்பது. ஒவ்வொரு ஸ்வரமும் நடுங்கியது. "ஸ்பீக்கர் போச்சுடா!" என்றேன். போகவில்லை! அங்கே வாத்தியங்களை ஜோடியாகச் செய்து, ஒன்றின் சுருதியை மற்றதைவிடக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். சேர்த்துத் தட்டினால் ஒலி அலையடிக்கும். அதற்கு 'ஓம்பாக்' என்று பெயர். அலை என்று அர்த்தம். நம் பிசிக்ஸ் பாடத்தில் 'பீட்ஸ்' என்று படித்தோமே, அதேதான்! காதை மட்டும் நம்பி அதைச் செய்திருக்கிறார்கள்.

அந்த இசையைத் தேடிப் படித்தபோதுதான் இன்னொரு கதை கிடைத்தது.

1928இல் ஓடியான், பெக்கா என்ற ஜெர்மன் கம்பெனிகள் பாலிக்குப் போய் இசைத்தட்டுகள் பதிவு செய்தன. அங்கேயே விற்கத்தான். யார் வாங்குவார்கள்? கிராமபோன் வைத்திருந்தவர்களே அபூர்வம். கோயிலுக்குப் போனால் நேரிலேயே கேட்கலாம். தட்டுகள் விலைபோகவில்லை. பலவும் உடைந்து போயின. மிஞ்சியவை வெளிநாடுகளில் சிதறின. அந்தத் தட்டுகளைக் கேட்டு மயங்கிய காலின் மெக்ஃபீ என்ற இசையமைப்பாளர் 1931இல் கப்பலேறி பாலிக்கே போய்விட்டார்!

அந்தக் காலத்தில் 'கெப்யார்' என்ற புதுப்பாணி பரவியது. பல ஊர்களில் பழைய வாத்தியங்களை உருக்கிப் புதிதாக வார்த்தார்கள். பாட்டெல்லாம் பெரும்பாலும் காதால் கேட்டுக் கற்றதுதான். வாசித்தவர் போனால் வாசிப்பும் போச்சு.

எட்வர்ட் ஹெர்ப்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல நாட்டு ஆவணக் காப்பகங்களில் அலைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளைச் சேர்த்தார். நியூயார்க்கின் ஆர்பிட்டர் என்ற லாபநோக்கமில்லாத அமைப்பு 2009இல் முதல் தொகுதியை வெளியிட்டது. மொத்தம் ஐந்து தொகுதிகள். பாலியில் இதற்குக் கை கொடுத்தது எது தெரியுமா? டென்பசாரில் உள்ள ஸ்டிகோம் பாலி. சங்கீதக் கல்லூரி இல்லை நண்பர்களே, நம்மைப் போல் கம்ப்யூட்டர் படிக்கிற கல்லூரி! அன்று சிறுமியாகப் பாடிய ஒருவர் முதுமையில் உயிரோடு இருந்தார். அவரையும் தேடிப் போய்ப் பார்த்தார் ஹெர்ப்ஸ்ட்.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாயி ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் படி ஏறியவன் நான். அப்பாயிக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. ஆனால் நடவுப்பாட்டு பாடும். அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ரெண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன லீவில் செல்போனை முன்னால் வைத்து, "பாடு அப்பாயி" என்றேன். "இதைப் புடிச்சு என்னடா பண்ணப் போற?" என்று சிரித்துவிட்டுப் பாடியது. பாதியில் நின்றுவிட்டது.

"அடுத்த அடி என் நாத்தனாவுக்குத்தான் தெரியும். அவதான் போயிட்டாளே..."

பாலிக்காரர்களுக்காவது எங்கேயோ ஒரு இசைத்தட்டு மிஞ்சியிருந்தது. எங்களுக்கு அந்த அடி போனது போனதுதான். மிச்சமிருப்பதை இப்போது லீவுக்கு லீவு பதிவு செய்கிறேன்.

நண்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செல்போனில் கொஞ்சம் இடம் காலி பண்ணி வையுங்கள்!

— இரண்டாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ்