மாமா கழுவிய கார்

காருக்கு ஆபத்து மூன்று திசையிலிருந்து வரும். முன்னால் தண்ணி லாரி. பின்னால் ஷேர் ஆட்டோ. மூன்றாவது, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் அன்பு. முதல் இரண்டுக்கும் நடுரோட்டில் இறங்கிக் கத்தலாம். மூன்றாவதற்கு வாயையே திறக்க முடியாது சார்!

என் மாமனார் கோவில்பட்டிக்காரர். ரிடையர்டு கணக்கு வாத்தியார். முப்பது வருஷம் ஒரே சைக்கிளைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றியவர். மாப்பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் அவருக்குச் செரிக்காது. போன மாசம் வந்தவர், விடியற்காலை அஞ்சரைக்கு எழுந்து என் காரைக் கழுவிவிட்டார். செகண்ட் ஹேண்ட்தான். கருநீலம். இன்னும் பதினாலு இ.எம்.ஐ. பாக்கி. கழுவினதில் தப்பில்லை. பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் கழுவினார்!

ஏழு மணி வெயில் பானெட்டில் விழுந்ததும் தெரிந்தது. பானெட், வலது பக்கத்து ரெண்டு கதவு... எங்கே பார்த்தாலும் வட்டம் வட்டமாகக் கோடு. யாரோ காம்பஸ் வைத்து ஜியோமெட்ரி போட்ட மாதிரி.

"எப்படி மாப்ளே, பளபளங்குதா?"

சமையல்கட்டு ஜன்னல் வழியாக என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். "பிரமாதம் மாமா" என்றேன்.

விஷயத்தை உடைத்தது, தினமும் கார் துடைக்க வருகிற பையன். ஒரு ரவுண்டு சுற்றிவிட்டு, "உங்க மேல யாராச்சும் கோவமா இருக்காங்களா சார்?" என்றான். மாமா பேப்பருக்குப் பின்னால் மறைந்துவிட்டார். ராத்திரி ரெண்டு இட்லியோடு எழுந்தார். "ரிப்பேருக்கு எவ்வளவும்மா ஆகும்?" என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டது ஹால் வரைக்கும் கேட்டது.

சர்வீஸ் சென்டரில் காரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். மூணு பேனலுக்குப் புது பெயிண்ட், 12,000. ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம் சேர்த்து 14,160. "இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாமே சார்" என்று ஒரு இலவச ஆலோசனை வேறு. பி.காம். படித்தவனிடமா இந்தக் கதை? மூணு வருஷம் க்ளெய்ம் இல்லாததால் எனக்கு 35 சதவிகிதம் நோ க்ளெய்ம் போனஸ். இந்த வருஷமும் சமர்த்தாக இருந்தால் 45. கீறலுக்காக க்ளெய்ம் போட்டால் சைபர். பரமபதத்தில் பாம்பு கடித்த கதை!

ஃப்ளாட்டில் ஆளாளுக்கு வைத்தியம். "டூத் பேஸ்ட் தடவுங்க, போயிடும்" என்றார் இரண்டாம் மாடிக்காரர். காருக்குப் பல் முளைத்தால் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் புதுப்பேட்டையில் ஒரு பெயிண்டர் ஷெட். மாமாவும் மஞ்சள் பையோடு கூடவே வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

பெயிண்டர் ஒரு மக் தண்ணியைப் பானெட்டில் ஊற்றினார். கோடெல்லாம் மாயம்! துணியால் ஒற்றினார். மறுபடி வந்தது. "தண்ணி பட்டா மறையுதா, அப்ப மேல் தோல்லதான் சார் அடி. பாலீஷ்லயே போயிரும்" என்றார். பிறகு டிரைவர் கதவுக் கைப்பிடி பக்கத்தில் ஒரு கோட்டின் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டினார். டக்கென்று மாட்டியது. "இது போவாது. டச்சப்தான்."

அவர் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. இந்தக் காலத்துக் காரில் தகட்டுக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். அத்தனையும் சேர்ந்தே ஏறக்குறைய 100, 150 மைக்ரான்தான். நம் தலைமுடி இரண்டை அடுக்கின கனம். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50. பாலீஷ் என்பது கோட்டை அடைக்கிற வேலை இல்லை. கோடு விழுந்த ஆழம் வரைக்கும் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டையே தேய்த்துச் சமன் பண்ணுவது. ஆகவே இந்த அக்கவுண்ட்டில் பணம் எடுக்கத்தான் முடியும், போட முடியாது. அடிக்கடி பாலீஷ் போட்டால் பேலன்ஸ் நில்! சில கடைகளில் வேக்ஸை மட்டும் பூசி அனுப்புவார்களாம். ரெண்டு கழுவலில் கோடு திரும்ப வந்து நிற்கும்.

ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசு என்று டேப் ஒட்டினார். ஆழமான இடத்தில் மட்டும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்த்தார். அப்புறம் காம்பவுண்ட் வைத்து மெஷின். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் பெயிண்ட் வெந்துவிடும் என்று கை நகர்ந்துகொண்டே இருந்தது. கருநீலம் கண்ணெதிரே திரும்பி வந்தது.

அப்போதுதான் கேட்டார்: "எவன் சார் இப்படித் தேய்ச்சான்? அவன் கைய ஒடைக்கணும்."

நான் என்ன சொல்வது என்று முழிப்பதற்குள் பின்னாலிருந்து குரல். "நான்தான் தம்பி."

மெஷின் நின்றது. பெயிண்டர் மாமாவைப் பார்த்தார். மஞ்சள் பையைப் பார்த்தார். "இங்க வாங்க பெரியவரே" என்று ஒரு மைக்ரோ ஃபைபர் துணியை அவர் கையில் கொடுத்தார். "மொதல்ல வெறும் தண்ணி அடிச்சு மண்ணை எறக்கணும். மண்ணுதான் எதிரி. ரெண்டு பக்கெட்டு. ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல துணி அலசுறதுக்கு. மேலேர்ந்து கீழ, நேர்க்கோட்டுல. துணி கீழ விழுந்தா அது அன்னிக்கு ரிடையர்டு." மாமா பாக்கெட் டைரியை எடுத்து ஒண்ணு, ரெண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டார்.

கூலி 1,500. மாமா மஞ்சள் பையைத் திறந்தார். நான் தடுப்பேன் என்று பெயிண்டர்கூட எதிர்பார்த்திருப்பார். தடுக்கவில்லை. பணத்தைக் கொடுத்த பிறகுதான் மனுஷர் நாலு நாளாகப் பார்க்காத மாதிரி என் முகத்தை நேரே பார்த்தார். வீடு வரைக்கும் ஓயாத பேச்சு. ராத்திரி ஆறு இட்லி.

கைப்பிடிக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. தகடு தெரியவில்லை, அதனால் துரு பயம் இல்லை, அவசரமும் இல்லை. காரில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் கலர் கோடு பார்த்து டச்சப் பேனா ஒன்று வாங்கி வைத்தேன். கோவில்பட்டியிலிருந்து வாரா வாரம் போன் வருகிறது.

"மாப்ளே, அந்தப் பேனாவை நீங்க தொடாதீங்க. தை மாசம் வர்றப்ப நானே போட்டுத் தர்றேன்."

பேனா இப்போது பீரோ லாக்கரில், நகைக்குப் பக்கத்தில்.